எஞ்சினைத் தாங்கும் றப்பர்
பழைய பிக்கப் வாகனங்களின் எஞ்சின், கபின் மவுண்டுகளை மாற்றும் முறை

2023ஆம் ஆண்டு மாரி காலத்தில் ஓரிரவு, முட்டு வருத்தத்தால் மூச்செடுக்க முடியாதிருந்த ஒரு முதிய தாயை எமது சங்கத்தின் பிக்கப்பில் ஏற்றிக்கொண்டு புறப்பட்டோம். அம்புலன்ஸ் பிரதான வீதிவரைதான் வரமுடியும். உள்வீதியில் வெள்ளம். மதகடிப் பள்ளத்தில் இறங்கி முதலாம் கியரில் ஏறும்போது முன்பக்கத்தில் பெரிய சத்தம் கேட்டது. எஞ்சின் ஒரு பக்கம் கிளம்பி, விசிறி றேடியேற்றரில் அடித்து அதைக் கிழித்துவிட்டது. தண்ணீர் முழுவதும் வீதியில் ஓடியது. உழவு இயந்திரம் ஒன்றைத் தேடிப் பிடித்துக் கொண்டுவர ஒன்றரை மணித்தியாலம் சென்றது. அந்தத் தாய் பிழைத்துக்கொண்டார். ஆனால் அந்த ஒன்றரை மணித்தியாலத்தை எம்மில் எவரும் மறக்கவில்லை.

மறுநாள் வண்டியைக் கழற்றிப் பார்த்தபோது, எஞ்சினின் இடப்பக்கத்து மவுண்ட் இரும்பிலிருந்து முற்றாகக் கழன்றிருந்தது. முறிந்த இடம் புதியதன்று. றப்பரின் பெரும்பகுதி பல மாதங்களுக்கு முன்னரே விட்டுப்போய் அழுக்கேறிக் கறுத்திருந்தது. ஆறு மாதமாகக் கியர்க் கம்பி நடுங்கியதை எல்லோரும் கண்டிருந்தோம். "பழசுதானே, உப்பிடித்தான் ஆடும்" என்று எல்லோரும் சொல்லியிருந்தோம்.

இந்தக் காரணத்தினாலேயே இவ்விதழின் தொழிற்பாடமாக இதனை எடுத்துக்கொண்டோம். எமது கிராமங்களில் பால் சேகரிப்பதும், மீன் ஏற்றுவதும், விதைநெல்லும் பசளையும் கொண்டுவருவதும், நோயாளிகளைக் கொண்டுசெல்வதும் பெரும்பாலும் 1980களிலும் 1990களிலும் செய்யப்பட்ட டீசல் பிக்கப்கள்தாம். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. 2025இல் மீண்டும் அனுமதிக்கப்பட்டபோதும் புதிய வண்டியின் விலை எமது சங்கங்களுக்கு எட்டாத உயரத்தில் இருக்கிறது. ஆகவே இருக்கின்ற வண்டியைப் பேணுவதே எமக்குள்ள வழி. கீழே சொல்லப்படுபவை ரொயோட்டா ஹைலக்ஸ் போன்ற, தனிச் சேசியின்மீது கபினும் பெட்டியும் பூட்டப்பட்ட பின்சில்லு இழுவை வண்டிகளை மனதிற்கொண்டு எழுதப்பட்டவை. மற்றைய வண்டிகளுக்கும் அடிப்படை ஒன்றே.

1. மவுண்ட் என்பது என்ன?

எஞ்சினை நேரடியாகச் சேசியில் பூட்டினால் அதன் நடுக்கம் முழுவதும் சேசிக்கும் கபினுக்கும் செல்லும். நான்கு சிலிண்டர் எஞ்சினில் தண்டு ஒரு சுற்றுச் சுற்றும்போது இரண்டு முறை வெடிப்பு நிகழ்கிறது. வண்டி நின்றபடி நிமிடத்துக்கு 750 சுற்றில் ஓடினால், ஒரு செக்கனில் 25 முறை எஞ்சின் உதறுகிறது. டீசல் எஞ்சினில் அமுக்கம் அதிகம் என்பதால் உதறலும் பலமானது. இதனைத் தாங்கிக்கொள்வதற்காக எஞ்சினுக்கும் சேசிக்கும் இடையில் றப்பர்த் துண்டு வைக்கப்படுகிறது. இரண்டு இரும்புத் தகடுகளுக்கு நடுவே றப்பரை வைத்து, சூட்டில் அவித்து, இரும்போடு பிரியாதபடி ஒட்டவைத்துச் செய்வதே எஞ்சின் மவுண்ட்.

பொதுவாக முன்பக்கத்தில் இடத்துக்கு ஒன்றும் வலத்துக்கு ஒன்றும், கியர்ப்பெட்டியின் கீழ்க் குறுக்குச் சட்டத்தில் ஒன்றுமாக மூன்று மவுண்டுகள் உண்டு. மூன்றும் சேர்ந்தே பாரத்தைத் தாங்குகின்றன. ஒன்று கெட்டால் மற்றைய இரண்டும் கூடுதலாகத் தாங்கி, அவையும் விரைவில் கெடும்.

முன்னோக்கிப் பாரம் இழுக்கும்போது எஞ்சினின் உடல், தண்டு சுற்றும் திசைக்கு எதிராகத் திரும்ப முயலும். இவ்வகை வண்டிகளில் அப்போது இடப்பக்கம் மேலே இழுபடும், வலப்பக்கம் கீழே அமுக்கப்படும். இடப்பக்கத்து மவுண்ட் கிழிந்துவிட்டால் எஞ்சினைக் கீழே பிடித்துவைக்க எதுவும் இல்லை. எமக்கு மதகடியில் நேர்ந்தது இதுதான்.

இன்னுமொன்றைக் கவனிக்க வேண்டும். விசிறி எஞ்சினோடு பூட்டப்பட்டது. றேடியேற்றரோ பெரும்பாலான இவ்வகை வண்டிகளில் பொடியின் முன்பகுதியோடு பூட்டப்பட்டது. இரண்டுக்கும் இடையிலுள்ள சில விரற்கடை தூரத்தைக் காப்பவை ஒரு புறம் எஞ்சின் மவுண்டுகள், மறு புறம் பொடியைத் தாங்கும் மவுண்டுகள். இரண்டில் எது தளர்ந்தாலும் விசிறிக்கும் றேடியேற்றருக்கும் சண்டை மூளும்.

2. றப்பர் ஏன் கெடுகிறது?

வயது, வெப்பம், அதிக பாரம், பள்ளமான வீதி ஆகியவை எல்லோரும் அறிந்த காரணங்கள். நாம் எமது கையாலேயே செய்யும் கேடு ஒன்று உண்டு. அதுதான் எண்ணெய். இயற்கை றப்பர் டீசலிலும், மண்ணெண்ணெயிலும், எஞ்சின் ஒயிலிலும் ஊறினால் வீங்கி, இளகி, பலமிழக்கும். எஞ்சினை மண்ணெண்ணெய் அடித்துக் கழுவும் பழக்கம் எம்மிடையே நீண்ட காலமாக உள்ளது. இரும்பு பளபளக்கும். றப்பரோ உள்ளுக்குள் செத்துக்கொண்டிருக்கும். கழுவுவதானால் சவர்க்காரத் தண்ணீரும் தூரிகையும் போதும்.

டீசல் பம்பிலோ, மீள்குழாயிலோ, எஞ்சின் மேல்மூடியின் கஸ்கெற்றிலோ ஒழுக்கு இருந்தால் முதலில் அதனை நிறுத்துங்கள். ஒழுக்கை விட்டுவிட்டுப் புது மவுண்ட் போடுவது ஓட்டைக் குடத்தில் நீர் வார்ப்பது போன்றது.

3. அறிகுறிகள்

(அ) வண்டி நின்றபடி ஓடும்போது கியர்க் கம்பியும் ஸ்ரியரிங்கும் அதிகமாக நடுங்குதல்.
(ஆ) கிளச்சை விட்டு வண்டி கிளம்பும்போதும், எஞ்சினை நிறுத்தும்போதும் "டொக்" என்ற அடி.
(இ) அக்சிலேற்றரை அமர்த்தும்போதும் விடும்போதும் கியர்க் கம்பி முன்னும் பின்னும் பாய்தல். சில வேளை கியர் தானாகக் கழலுதல்.
(ஈ) விசிறியைச் சுற்றியுள்ள மறைப்பில் வட்டமாக உரசிய அடையாளம்.
(உ) புகைக்குழாயின் முன் இணைப்பு அடிக்கடி வெடித்தல் அல்லது கஸ்கெற் போதல்.

இவற்றில் சில வேறு பிழைகளாலும் வரலாம். நின்றபடி மட்டும் நடுங்கி, சிறிது வேகம் கொடுத்ததும் நடுக்கம் மறைந்தால், முதலில் எஞ்சினின் சுற்று வேகத்தையும் இன்ஜெக்டர்களையும் பாருங்கள். ஓட்டத்தில் குறிப்பிட்ட ஒரு வேகத்துக்கு மேல் மட்டும் நடுங்கினால் ரயர், சில்லுச் சமநிலை, நீள்தண்டு ஆகியவற்றைப் பாருங்கள். கியர் மாற்றும்போது வண்டியின் நடுப்பகுதிக்குக் கீழே "டிக்" என்று கேட்டால் அது நீள்தண்டின் குறுக்கு மூட்டாக இருக்கலாம். மவுண்ட் போல்ற் தளர்ந்திருந்தாலும் இதே அறிகுறிகள் வரும். சாமான் வாங்க ஓடுமுன் ஒரு ஸ்பனரால் போல்ற்றை இறுக்கிப் பார்ப்பது பணத்தை மிச்சப்படுத்தும்.

4. சோதிக்கும் முறை

முதற் சோதனை: சமதரையில் வண்டியை நிறுத்தி, சில்லுகளுக்கு முன்னும் பின்னும் தடைக்கட்டை வைத்து, கைப்பிறேக்கை இழுத்து, பொனற்றைத் திறவுங்கள். அனுபவமுள்ள சாரதி இருக்கையில் இருந்து காற்பிறேக்கை அழுத்திப் பிடித்தபடி முதலாம் கியரில் கிளச்சைச் சிறிதளவு விட்டுப் பார்க்கவேண்டும். உடனே மீண்டும் அழுத்தவேண்டும். பின்பு றிவேர்ஸ் கியரில் அவ்வாறே. பார்ப்பவர் பக்கவாட்டில் நிற்கவேண்டும். வண்டிக்கு முன்னாலும் பின்னாலும் எவரும் நிற்கக்கூடாது. சாரம், சால்வை, தளர்ந்த சேட்டுக் கை என்பன விசிறிக்கு அண்மையில் வரக்கூடாது. எஞ்சின் சற்று அசைவது இயல்பு. ஓர் அங்குல அளவுக்குக் கிளம்பினாலோ, கிளம்பி விழும்போது இரும்போடு இரும்பு மோதும் சத்தம் கேட்டாலோ மவுண்ட் போய்விட்டது.

இரண்டாம் சோதனை: எஞ்சினை நிறுத்தி ஆறவிட்டு, சிறிய அலவாங்கு ஒன்றை எஞ்சின் பிறக்கற்றுக்கும் சேசிக்கும் இடையில் கொடுத்து மெதுவாக நெம்புங்கள். டோர்ச் வெளிச்சத்தில் றப்பருக்கும் இரும்புக்கும் இடையில் கோடாக ஒரு வெளி தெரிந்தால் ஒட்டு விட்டுவிட்டது. மேலோட்டமான நுண்வெடிப்புகளை மட்டும் கண்டு பயப்பட வேண்டியதில்லை. நகம் நுழையும் ஆழமான வெடிப்பு, எண்ணெயில் ஊறிப் பிசுபிசுத்த றப்பர், ஒரு பக்கம் மட்டும் அமர்ந்து தட்டையாகிய றப்பர் ஆகியவை மாற்றவேண்டியதற்கான சான்றுகள்.

5. வாங்கும்போது

கொழும்பு பஞ்சிகாவத்தையில் வாங்கினாலும் அண்மைய நகரில் வாங்கினாலும், வண்டியின் சேசி இலக்கம், எஞ்சின் இலக்கம் ஆகியவற்றை எழுதிக்கொண்டு, முடிந்தால் பழைய மவுண்டையும் கையில் கொண்டு செல்லுங்கள். பெற்றோல் எஞ்சினுக்குரியதும் டீசல் எஞ்சினுக்குரியதும் பார்வைக்கு ஒன்றுபோல் இருந்தும் றப்பரின் கடினம் வேறாக இருக்கலாம். இடமும் வலமும் ஒன்றல்லாத வண்டிகளும் உண்டு.

கழற்றிய வண்டிகளிலிருந்து வரும் பாவித்த மவுண்ட் மலிவாகக் கிடைக்கும். ஆனால் அதன் வயதும் எமது பழைய மவுண்டின் வயதும் ஒன்றாயிருக்கலாம். இரும்புச் சாமான் பாவித்ததாக வாங்கலாம். றப்பரைப் புதிதாக வாங்குவதே நல்லது. புதியதையும் கையில் எடுத்து நெரித்துப் பாருங்கள். வளைக்கும்போது வெடிப்புத் தெரிந்தாலோ, றப்பர் இரும்பின் ஓரத்தில் கிளம்பியிருந்தாலோ வாங்கவேண்டாம். முன் மவுண்டுகளை எப்போதும் சோடியாகவே மாற்றவேண்டும். ஒரு பக்கம் புதியது உயர்ந்தும் மறு பக்கம் பழையது தாழ்ந்தும் இருந்தால் எஞ்சின் சரிந்து நிற்கும்.

ரயர்த் துண்டை வெட்டி எஞ்சினுக்குக் கீழே செருகுவதும், மரக்கட்டை வைத்து இறுக்குவதும் நாம் காணும் வழக்கங்கள். இவை எஞ்சினைத் தாங்குவது போல் தோன்றும். ஆனால் மேலே கிளம்பும்போது பிடித்துக்கொள்ளமாட்டா. றப்பரே இல்லாமல் இரும்போடு இரும்பாகப் பூட்டினால் பிறக்கற்றும் சேசியும் வெடிக்கும். சிறு தொகையை மிச்சம்பிடித்து முடிவில் ஒட்டுவேலைக்குச் சேசியைக் கொண்டுபோக வேண்டிவரும்.

6. வேலைக்கு முன்: உயிர்ப் பாதுகாப்பு

தேவையானவை: நல்ல ஜக் இரண்டு, சேசியைத் தாங்கும் இரும்புத் தாங்கிகள் இரண்டு, தடைக்கட்டைகள், இரண்டு அங்குலத் தடிப்புள்ள பலகை, 12, 14, 17 மில்லிமீற்றர் ஸ்பனர்களும் சொக்கற்றுகளும், நீண்ட கைபிடி, சிறிய அலவாங்கு, இரும்புத் தூரிகை, துரு இளக்கும் எண்ணெய், கண்ணாடி, கையுறை.

இங்கே ஒரு வார்த்தையை அழுத்திச் சொல்கிறோம். ஜக் என்பது உயர்த்துவதற்கு மட்டும். பாரத்தைத் தாங்கி நிற்பதற்கு அல்ல. ஜக்கின் உள்ளேயுள்ள சிறிய சீல் ஒன்று விட்டால் வண்டி ஒரு நொடியில் கீழே வந்துவிடும். சீமெந்துக் கல்லையோ செங்கல்லையோ தாங்கியாக வைத்து அதன்கீழ் எவரும் படுக்கக்கூடாது. அவை முன்னறிவித்தல் இன்றி நொறுங்கும். மணற்றரையில் வேலை செய்யவேண்டாம். வேறு வழியில்லாவிடில் தாங்கிகளுக்குக் கீழே அகன்ற தடித்த பலகையை இடுங்கள். இரும்புத் தாங்கி இல்லாத சங்கம் முதலில் அதனை வாங்கட்டும். மவுண்டைப் பிறகு வாங்கலாம். தனியே ஒருவர் இவ்வேலையில் இறங்கவும் கூடாது.

7. முன் மவுண்டுகளை மாற்றுதல்

முதல்நாள் மாலையே போல்ற், நட்டுகளுக்குத் துரு இளக்கும் எண்ணெய் விட்டுவையுங்கள். எண்ணெய் இரும்பில் மட்டும் படட்டும். வேலை நாளில், எஞ்சின் நன்கு ஆறியபின், பின்வரும் ஒழுங்கில் செய்யவேண்டும்.

(1) பின்சில்லுகளுக்கு இரு புறமும் தடைக்கட்டை வைத்து, கைப்பிறேக்கை இழுங்கள். பற்றரியின் நெகற்றிவ் வயரைக் கழற்றுங்கள்.

(2) கழற்றப்போகும் இடங்களைக் கைத்தொலைபேசியில் படமெடுத்துக்கொள்ளுங்கள். எந்த வாஷர் எங்கே இருந்தது என்பது மாலையில் மறந்துபோகும்.

(3) விசிறி மறைப்பின் போல்ற்களைக் கழற்றி அதனை எஞ்சின் பக்கம் தள்ளிவிடுங்கள். எஞ்சின் உயரும்போது இழுபடக்கூடியவை எவை என்று ஒவ்வொன்றாகப் பாருங்கள்: றேடியேற்றர்க் குழாய்கள், அக்சிலேற்றர் கேபிள், டீசல் குழாய்கள், எஞ்சினிலிருந்து சேசிக்குச் செல்லும் எர்த் வயர், புகைக்குழாயின் முன் பிடி. தேவையானதைத் தளர்த்துங்கள்.

(4) சேசியில் ஜக்கைக் கொடுத்து முன்பக்கத்தை உயர்த்தி, இரு புறமும் தாங்கிகளைச் சேசியின் கீழ் வைத்து, வண்டியை அவற்றின்மீது இறக்குங்கள். கீழே போகுமுன் வண்டியைப் பக்கவாட்டில் தள்ளி அசைத்துப் பாருங்கள்.

(5) ஜக்கின்மேல் பலகையை வைத்து ஒயில் சம்ப்பின் கீழ், சம்ப்பின் ஓரங்களுக்கும் பாரம் பரவும்படி கொடுங்கள். சம்ப் மெல்லிய தகட்டால் ஆனது. நடுவில் மட்டும் அமுங்கி நெளிந்தால் உள்ளேயுள்ள ஒயில் உறிஞ்சும் குழாயின் வாய் அடைபட்டு எஞ்சினே பாழாகும். பலமான இரும்புச் சட்டமும் செயின் புளொக்கும் இருந்தால் எஞ்சினின் தூக்கும் வளையங்களில் மாட்டி மேலிருந்து தாங்குவது இதைவிட நல்லது. மரக்கிளையிலோ கூரை வளையிலோ எஞ்சினைத் தூக்கவேண்டாம்.

(6) எஞ்சினின் பாரத்தை ஜக் ஏற்றுக்கொள்ளும் அளவுக்கு மட்டும் உயர்த்துங்கள். இப்போது இரு பக்கத்து மவுண்ட் நட்டுகளையும் தளர்த்துங்கள். ஒரு பக்கத்தை மட்டும் முற்றாகக் கழற்றுங்கள். மறு பக்கம் நட்டு நுனியில் பிடித்திருக்கட்டும். எஞ்சின் பக்கவாட்டில் நழுவாதிருக்க இது காவல்.

(7) ஜக்கைச் சிறிது சிறிதாக உயர்த்துங்கள். ஒவ்வொரு தடவையும் நிறுத்தி விசிறி, குழாய்கள், கபினின் முன்சுவர் ஆகியவற்றைப் பாருங்கள். பெரும்பாலும் ஓரிரு அங்குலத்தில் பழைய மவுண்ட் வெளியே வரும். வராவிட்டால் அலவாங்கால் நெம்புங்கள். மவுண்டுக்கும் பிறக்கற்றுக்கும் இடையில் விரலைக் கொடுக்கவேண்டாம்.

(8) மவுண்ட் இருந்த இடத்தை இரும்புத் தூரிகையால் தேய்த்து, பிறக்கற்றிலும் சேசியிலும் வெடிப்பு உண்டா என்று வெளிச்சத்தில் பாருங்கள். இந்த இடத்தை மீண்டும் காண வருடங்கள் ஆகலாம். வெடிப்பு இருந்தால் தேர்ந்த ஒட்டுத் தொழிலாளியிடம் காட்டாமல் மூடவேண்டாம். துருவை நீக்கி வர்ணம் பூசிக் காயவிடுங்கள்.

(9) பழையதையும் புதியதையும் அருகருகே வைத்துத் துளைகளையும் உயரத்தையும் ஒப்பிடுங்கள். சிலவற்றில் திசைகாட்டும் சிறிய முளையோ அடையாளமோ இருக்கும். அது பிறக்கற்றிலுள்ள துளையில் சரியாக அமரவேண்டும். புதியதை வைத்து நட்டுகளைக் கையால் மட்டும் முடுக்குங்கள். பிறகு மறு பக்கத்தை அதே முறையில் செய்யுங்கள்.

(10) எஞ்சினை மெதுவாக இறக்கி முழுப் பாரத்தையும் மவுண்டுகளின்மீது விடுங்கள். கையால் எஞ்சினைச் சற்று ஆட்டி அமரவிட்டு, அதன்பின் கடைசி இறுக்கம் கொடுங்கள். பாரம் இறங்குமுன் இறுக்கினால் றப்பர் முறுகிய நிலையிலேயே பிடிபட்டு விரைவில் கிழியும். இறுக்கத்தின் அளவு வண்டியின் கைந்நூலில் உள்ளது. அளவு காட்டும் ஸ்பனர் உள்ள கராஜில் அதைப் பாவியுங்கள். அது இல்லாவிடில் சாதாரண ஸ்பனரை ஒரு கைப்பலத்தால் உறுதியாக இறுக்குங்கள். குழாய் போட்டு நீட்டி இறுக்கினால் மரை கழன்றுவிடும். ஸ்பிறிங் வாஷர் இருந்த இடத்தில் அதனை மீண்டும் போடுங்கள்.

8. கியர்ப்பெட்டி மவுண்ட்

இது இலகுவானது, அதனாலேயே பலர் இதனை மறந்துவிடுகின்றனர். கியர்ப்பெட்டியின் கீழ்ப் பலகையோடு ஜக்கைக் கொடுத்துப் பாரத்தை ஏற்று, மவுண்டைக் குறுக்குச் சட்டத்தோடு பிடிக்கும் போல்ற்களையும், பின்பு குறுக்குச் சட்டத்தின் போல்ற்களையும் கழற்றவேண்டும். சட்டம் எந்தப் பக்கம் முன்னாக இருந்தது என்று சோக்கால் குறித்துவையுங்கள். ஜக்கை எடுத்துவிட்டுக் கியர்ப்பெட்டியைத் தொங்கவிடக்கூடாது. அப்படித் தொங்கினால் எஞ்சின் பின்னோக்கிச் சரிந்து விசிறி றேடியேற்றர் மறைப்பில் முட்டும்.

9. கபின் மவுண்டுகள்

கபின் சேசியின்மேல் பல றப்பர்க் குசன்களில் அமர்ந்திருக்கிறது. சேசியின் பிடிக்கு மேலே ஒரு குசன், கீழே ஒரு குசன், நடுவே ஓர் இரும்புக் குழாய், அதனூடாக ஒரு நீண்ட போல்ற். போல்ற்றை இறுக்கும்போது றப்பர் அளவுக்கு மீறி நசியாமல் தடுப்பது அந்தக் குழாய். துருவேறி அது இல்லாமற்போனால் எவ்வளவு இறுக்கினாலும் போதாது போலத் தோன்றும். றப்பர்தான் பிதுங்கும்.

கதவுகள் மூடக் கடினமாதல், கபினுக்கும் பெட்டிக்கும் இடையிலான வெளி ஒரு பக்கம் குறுகுதல், பள்ளத்தில் "கடகட" என்ற சத்தம், ஸ்ரியரிங் தண்டு உரசுதல் ஆகியவை இதன் அறிகுறிகள். எமது கரையோரங்களில் கபினின் பின்மூலைகளே முதலில் போகின்றன. சேறு அங்கே தங்குகிறது. மீன்பெட்டியின் ஐஸ் உருகி வடியும் உப்புநீரும் அங்கேதான் இறங்குகிறது.

இவ்வேலையில் பெரிய சிக்கல் போல்ற். கபின் தரையில் பொருத்தப்பட்ட நட்டு துருவால் பிடிபட்டு, திருக்கும்போது கழன்று சுற்றும். இரண்டு மூன்று நாட்கள் முன்னதாகவே துரு இளக்கும் எண்ணெய் விட்டு, முன்னும் பின்னும் சிறிது சிறிதாகத் திருப்பி எடுங்கள். சூடு காட்டுவதானால் தரை விரிப்பை அகற்றி, டீசல் குழாய்களும் வயர்களும் அண்மையில் இல்லை என்று கண்டபின், நீர் வாளியோடு ஒருவர் நிற்கவே செய்யவேண்டும்.

எல்லாப் போல்ற்களையும் தளர்த்துங்கள். ஒரு பக்கத்தை மட்டும் எடுங்கள். உயர்த்துமுன் விசிறி மறைப்பு, ஸ்ரியரிங் தண்டின் மூட்டு, பிறேக் குழாய்கள், கிளச் குழாய், கைப்பிறேக் கேபிள், எர்த் வயர், கியர்க் கம்பியின் றப்பர் உறை ஆகியவற்றைப் பாருங்கள். தரையின் பலமான குறுக்குச் சட்டத்தின் கீழ் நீண்ட பலகையோடு ஜக்கைக் கொடுத்து, குசன் வெளியே வரும் அளவுக்கு மட்டும், அதாவது ஓர் அங்குலம் அல்லது ஒன்றரை அங்குலம், உயர்த்துங்கள். உயர்த்தியதும் கபினுக்கும் சேசிக்கும் இடையில் கட்டைகளை வைத்த பின்னரே கையைக் கொடுங்கள். பெற்ற குசன்களைப் பழைய ஒழுங்கிலேயே போடுங்கள். மேற்குசனும் கீழ்க்குசனும் பெரும்பாலும் ஒரே உருவமுடையவை அல்ல. உயரத்தைச் சரிப்படுத்த இடையில் வைத்த தகடு இருந்தால் அதனையும் திருப்பி வையுங்கள். போல்ற்றின் மரையில் மட்டும் கிறீஸ் பூசலாம், றப்பரில் பூசக்கூடாது. இறுக்கமாக இருந்தால் சவர்க்காரத் தண்ணீர் தொட்டு நுழையுங்கள்.

10. வேலை முடிந்தபின்

விசிறியைக் கையால் ஒரு முழுச் சுற்றுச் சுற்றிப் பாருங்கள். எங்கும் உரசக்கூடாது. கழற்றியவை, தளர்த்தியவை எல்லாவற்றையும் படத்தோடு ஒப்பிட்டுப் பூட்டி, பற்றரி வயரை இணைத்து, எஞ்சினை இயக்குங்கள். ஒழுக்கு உண்டா, கியர்கள் எல்லாம் விழுகின்றனவா, பிறேக் மிதி உறுதியாக உள்ளதா, ஸ்ரியரிங் இரு பக்கமும் தடையின்றித் திரும்புகிறதா என்று பாருங்கள். முதல் ஓட்டம் பாரமும் ஆட்களும் இன்றி, அண்மையிலேயே அமையட்டும். ஒரு வாரத்தில் அல்லது 500 கிலோமீற்றரில் எல்லா நட்டுகளையும் மீண்டும் இறுக்கிப் பாருங்கள். அதன்பின் ஒவ்வொரு ஒயில் மாற்றத்தின்போதும் டோர்ச் வெளிச்சத்தில் ஒரு பார்வை போதும்.

வழியில் மவுண்ட் உடைந்துவிட்டால் உடனே எஞ்சினை நிறுத்துங்கள். விசிறி எங்கும் முட்டவில்லை, குழாய்கள் முழுமையாக உள்ளன என்றால், இடப்பக்கத்து எஞ்சின் பிறக்கற்றைச் சேசியோடு சங்கிலியால் கட்டி, சடுதியாக இழுக்காமல், மிக மெதுவாக அண்மைய கராஜ் வரை மட்டும் செல்லலாம். சங்கிலி பிறேக் குழாயிலோ ஸ்ரியரிங்கிலோ படக்கூடாது. அது வீடு வந்து சேர்வதற்கான வழி. அதோடு ஓடிக்கொண்டிருப்பதற்கான அனுமதியன்று.

11. பொதுச் சொத்தும் பொறுப்பும்

எமது வண்டி அன்றிரவு நின்றதற்குத் தேய்ந்த றப்பர் ஒரு காரணம். மற்றது, அந்த நடுக்கத்தைச் சொல்வதற்கு ஒருவரும் பொறுப்பாக இருக்கவில்லை என்பது. தன் சொந்தச் சைக்கிளில் சிறு சத்தம் கேட்டாலும் இறங்கிப் பார்ப்பவர், சங்கத்தின் வண்டியில் பெருஞ் சத்தம் கேட்டும் பேசாமல் இருந்துவிடுகிறார். சாரதி சொன்னால், "செலவு வைக்கிறான்" என்று நிர்வாகம் நினைக்குமோ என்று அவருக்குப் பயம். நிர்வாகம் கேட்டால், குற்றம் காண்கிறார்களோ என்று சாரதிக்கு மனவருத்தம். இடையில் றப்பர் கிழிந்துகொண்டே போனது.

இப்போது எமது வண்டியில் ஒரு கொப்பி வைத்திருக்கிறோம். புதிய சத்தம், புதிய நடுக்கம், புதிய ஒழுக்கு எதுவானாலும் ஓட்டியவர் அன்றே திகதியிட்டு எழுதுவார். மாதக் கூட்டத்தில் கணக்கறிக்கைக்கு முன் அந்தக் கொப்பி வாசிக்கப்படும். எழுதியவரை எவரும் குறை சொல்வதில்லை என்பது தீர்மானம். அதுமுதல் சிறு பழுதுகள் சிறு பழுதுகளாகவே முடிகின்றன. இறைவன் எம்மிடம் ஒப்படைத்தவற்றைப் பேணுவது பீடத்தின்முன் மட்டும் நடப்பதன்று. எண்ணெய் படிந்த கைகளோடு வண்டிக்குக் கீழே கிடக்கும்போதும் அது நடக்கிறது.

அந்தத் தாய் இன்றும் எமது வண்டியில் சந்தைக்கு வருகிறார். ஏறுமுன் கியர்க் கம்பியை ஒரு தடவை பார்த்துவிட்டுத்தான் ஏறுவார்.

குழுக் கலந்துரையாடலுக்கு

1. எமது சங்கத்தின் வண்டியில் இப்போது "அப்படித்தான்" என்று நாம் பழகிவிட்ட சத்தங்கள் எவை? அவற்றை எழுதிப் பட்டியலிடுக.
2. வண்டியின் பழுதைச் சாரதி சொல்லும்போது அதனைக் கேட்பவர் யார்? எத்தனை நாளில் பதில் கிடைக்கிறது?
3. எமது கிராமத்தில் இரும்புத் தாங்கிகள் எத்தனை உள்ளன? இரண்டு, மூன்று சங்கங்கள் சேர்ந்து ஒரு சோடியை வாங்கிப் பொதுவில் வைத்திருக்க முடியுமா?
4. இளைஞர் குழுவில் இருவரையாவது இவ்வேலையில் பழக்குவதற்கு, அடுத்த ஒயில் மாற்றத்தின்போது எந்த மெக்கானிக்கை அழைக்கலாம்?